குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்

சரளாவுக்கு ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. ஞாயிறு பத்திரிகைகளுக்குக் கதைகளும் எழுதுவாள். அவளுடைய அண்ணன் ஐயாவு செம்பனை எண்ணெய்க் குலைகள் ஏற்றும் லாரி ஓட்டியவர். போன வருடம் ஸ்ட்ரோக் வந்ததில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. இப்போது குனோங் ராபாட்டில் அவள் வீட்டில்தான் இருக்கிறார். எப்போதாவது ஒரு சொல் வரும்; அதற்கும் வெகுநேரம் பிடிக்கும்.

அவரைப் பற்றி அவள் எழுதிய கதை திரும்பி வந்தது. பத்திரிகை ஆசிரியை கலாதேவி போனில் அன்பாகத்தான் சொன்னார்.

"பேச முடியாத மனுசன் மூணு பக்கத்துக்கு மனசுக்குள்ள புலம்புறாரு. அது அவரு குரலா தெரியலைலா. உங்க குரலாத்தான் கேக்குது."

என் அண்ணனை எனக்குத் தெரியாதா என்று சரளாவுக்குக் கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணனைப் படத்துக்கு அழைத்துப் போனாள். படத்தில் விபத்தில் ஒரு காலை இழந்தவனுக்கு டாக்டர் கட்டுப் பிரிக்கிறார். கேமரா அந்த அறைக்குள் போகவேயில்லை. வெளியே அவன் மனைவி அவனுடைய செருப்புகளை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றைப் பைக்குள் போடுகிறாள். மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்க்கிறாள். உள்ளே இருப்பவன் முகத்தைக் காட்டாமலே அவனுக்கு நேர்ந்ததை எல்லாம் காட்டிவிட்டார்களே என்று சரளா நினைத்தாள்.

மறுநாள் காலை கதையில் அந்த மூன்று பக்கப் புலம்பலையும் அடித்து நீக்கினாள். அண்ணன் இடது கையால் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டுவதும், கழற்றிவிட்டு மறுபடி தொடங்குவதும் போதுமென்று விட்டாள். ஓர் இடத்தை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. வேலையை விட்டு நிற்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாமல் அவர் அழுத இடம் அது. அதை அவரிடமே படித்துக் காட்டினாள்.

ஐயாவு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"தப்பா இருக்காண்ணே?"

அவர் இடது கையைத் தூக்கி அவளைக் காட்டினார். வாய் கோணிக்கொண்டு திணறியது. வழக்கமாக அவளே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவாள். இன்று பொறுத்திருந்தாள்.

"நீ," என்றார்.

அந்தக் கடிதம் எழுதிய அன்று அவர் அழாமல் பெருவிரல் ரேகை வைத்தார். அடுப்படிக்கு ஓடிப்போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் அவள்தான்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் ஆமென்று தலையசைத்தார். சரளா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதை மாற்றி எழுதினாள்.

கலாதேவி அந்தக் கதையை வாங்கிக்கொண்டார். அது வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை மத்தியானம்வரை ஐயாவுவின் மடியில்தான் இருந்தது. சரளா இரண்டு முறை கேட்டும் அவர் கொடுக்கவில்லை.