நான் நீக்கிய பதிவு

காலை எட்டரைக்குப் பல் தேய்க்க ஸ்டூலில் ஏறிய சிட்டு வழுக்கி விழுந்தாள். குழாயில் இடித்து இடது புருவத்துக்கு மேல் புடைத்துவிட்டது. அவள் அழவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல" என்று மட்டும் சொன்னாள். ஐந்து வயதுப் பிள்ளை அடிபட்டதும் பேசுகிற பேச்சா இது?

சிட்டு நான் பெற்ற பிள்ளை இல்லை. ஏழு மாதத்துக்கு முன் குழந்தைகள் நல அலுவலகம் வளர்க்கச் சொல்லி எங்களிடம் ஒப்படைத்த பிள்ளை. அவளுக்கு எங்களுடையது நாலாவது வீடு. மூன்றாவது வீட்டிலிருந்து அலுவலர் அவளைக் கூட்டி வந்ததே நெற்றியில் இருந்த காயத்தைப் பார்த்துத்தான்.

அவளுக்கென்று ஒரு ஆப் உண்டு. நான், என் வீட்டுக்காரர், அலுவலர், டாக்டர், டீச்சர் என ஐந்து பேரும் ஒரே பக்கத்தைப் பார்ப்போம். சாப்பிட்டாளா, தூங்கினாளா, எதற்காவது பயந்தாளா, எல்லாவற்றையும் எழுத வேண்டும். அடிபட்டால் ஒரு மணி நேரத்துக்குள், படத்தோடு. அதை நான் திட்டாத நாளில்லை. ஆனால் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அதில் எழுதியதைப் பார்த்துத்தான் கைகொடுத்தார்.

ஒழுங்காகத்தான் எழுதினேன். படமும் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் பகீரென்றது. அந்த வீக்கத்தைப் பார்த்தால் நானே என்னைச் சந்தேகப்படுவேன். யோசிப்பதற்குள் விரல் 'நீக்கு' என்பதை அழுத்திவிட்டது.

அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது: 'காயம் பற்றிய பதிவை வளர்ப்புத் தாய் 8.52க்கு நீக்கினார்.' ஐந்து பேருக்கும் அது தெரியும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு வேலையிடத்துக்குப் போன் போட்டேன். "ஏன்டி அழிச்ச? விழுந்தா விழுந்ததாப் போயிருக்கும். இப்ப நாமளே அடிச்சிட்டு மறைச்ச மாதிரி ஆயிடுச்சே!"

"தெரியுது, கத்தாதீங்க."

அலுவலரின் செய்தி வந்தது. 'பதினோரு மணிக்கு வருகிறேன். குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும்.'

அந்த இரண்டு மணி நேரம் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டூலைக் கொண்டுபோய் வெளியே போட்டேன். இதையும் மறைக்கிறேன் என்பார்களே என்று திரும்ப எடுத்து வந்து வைத்தேன்.

அலுவலர் வந்ததும் சிட்டுவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், எப்படி விழுந்தாள் என்று கேட்டார். பிறகு அவளை அறைக்கு அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"விழுந்தது எனக்குப் புரியுது. ஏன் அழிச்சீங்க?"

"பயந்துட்டேன் மேடம். கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு."

"நீங்க எழுதறத நம்பித்தான் அவ இங்க இருக்கா. அழிச்சா நான் எதை நம்பறது? மறுபடியும் எழுதுங்க. அழிச்சதையும் எழுதுங்க, ஏன்னும் எழுதுங்க. நாளைக்குக் குழு கூடி முடிவு பண்ணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பா."

எழுதினேன். 'பயத்தில் நீக்கினேன்' என்று முடித்துவிட்டு நிமிர்ந்தால், வாசற்படி பக்கத்தில் சிட்டு நிற்கிறாள். தோளில் பை. காலில் ஷூ, இடம் வலம் மாறி.

"நான் அழமாட்டேன் ஆன்ட்டி" என்றாள் அலுவலரிடம். "அம்மாவைத் திட்டாதீங்க. நான்தான் விழுந்தேன்."

அலுவலர் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு எங்கயும் போகல கண்ணு. ஷூவைக் கழட்டிக்கோ."

"நாளைக்கு?"

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மதியம் நான் போட்ட பதிவு இது: 'சிட்டு ஒரு மணிக்குத் தூங்கினாள். ஷூவைக் கழற்ற விடவில்லை.' அதைப் படித்ததும் விரல் மறுபடி 'நீக்கு' பக்கம் போனது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.