பஞ்சைக்கு முறை பெரிது

கதவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. பெரியவருக்கான இடம் அது. அவர் அதில் உட்காராமல் மற்றவர்கள் உட்காரக்கூடாது, அவர் சாப்பிடும் குச்சியை எடுக்காமல் மற்றவர்கள் வாயில் பருக்கை வைக்கக்கூடாது. ஆகவே என் கல்யாணத்தைப் பேசி முடிக்க வந்த இரண்டு குடும்பமும் உணவக அறைக்குள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

"சித்தப்பா, நீங்க உக்காருங்க" என்றார் யான் கிழவர். எண்பத்திரண்டு வயது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகும் சிங்லேயின் தாத்தா.

"எண்பது தாண்டினவரை நிக்க வெச்சிட்டு நான் உக்காரவா? நல்லா இருக்கே. நீங்க உக்காருங்க" என்றார் அந்தச் சித்தப்பா. அவர் என் அப்பா. வயது ஐம்பத்தெட்டு.

யாரும் விளையாடவில்லை. எங்கள் சீனத்து ஷான்டோங் பக்கத்தில் ‘பஞ்சைக்கு முறை பெரிது’ என்பார்கள். காசுள்ளவன் வீட்டில் பதினெட்டில் கல்யாணம், நாற்பதுக்குள் பேரன். பஞ்சை வீட்டில் பெண் கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும். யான் குடும்பம் ஐந்து தலைமுறை ஓடுவதற்குள் நாங்கள் மூன்றுதான் நடந்து, வயதில் சின்னவர்களாக இருந்தும் முறையில் மூத்தவர்களாகிவிட்டோம். எங்களுக்குள் இரத்த உறவு கிடையாது, ஊர்முறை மட்டும்தான். அந்த முறையில் கிழவருக்கு என் அப்பா சித்தப்பா. கிழவரின் மகன் ஷோதியனுக்கு நான் அத்தை. சிங்லேக்கு அத்தைப்பாட்டி. அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

அப்பா பன்றிக்குட்டிகளுக்குக் காயடிக்கிறவர். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கொல்லைப்பக்கமாகக் கூப்பிட்டுக் கொல்லைப்பக்கமாகவே அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஊரில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் அதே ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்து அழைத்துப்போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார வைப்பார்கள். விருந்து முடிகிற வரைக்கும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். நான் சிங்லேயைக் கட்டினால் கிழவருக்குப் பேரன் பெண்டாட்டி ஆகிவிடுவேன். அப்பா இரண்டு படி இறங்கி, தன்னைத் தாத்தா என்று கூப்பிட்ட ஷோதியனுக்குச் சம்பந்தி ஆவார். இந்தக் கணக்கைப் போடப் போட எனக்குத் தலை சுற்றியது.

"அத்தை, நீங்களாவது தாத்தாகிட்ட சொல்லுங்களேன்" என்றார் எனக்கு மாமனாராகப் போகும் ஷோதியன், என் அப்பாவைக் காட்டி.

அவர் மனைவி அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். "வீட்டுக்கு வரப்போற மருமகளைப் போய் அத்தைங்கிறீங்களே."

"பின்ன என்னன்னு கூப்பிட?"

"பேரைச் சொல்லுங்க."

"அத்தையைப் பேர் சொன்னா எங்கப்பா பல்லைத் தட்டிடுவாரு."

சிங்லே சிரித்தான். சிரிக்கிற நேரமா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தைப்பாட்டி முறைக்கிறாங்க" என்று முணுமுணுத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் முழு மீனைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "தலை யார் பக்கம் வைக்கட்டும்?"

தலை யாரைப் பார்க்கிறதோ அவர்தான் பெரியவர், அவர்தான் முதல் கோப்பை குடிக்க வேண்டும்.

"வட்ட மேஜைதானே, நடுவுல வெச்சிடறேனே."

"நடுவுல வெச்சாலும் தலை எங்கேயாச்சும் பாக்குமேம்மா" என்றார் ஷோதியன் பரிதாபமாக.

"தட்டு கையைச் சுடுதுங்க."

கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "சித்தப்பா நிக்கும்போது நான் அந்த நாற்காலியில உக்காந்தா, செத்து மேல போய் எங்கப்பன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? முறையைக் கலைச்சுத்தான் நடத்தணும்னா, இந்தக் கல்யாணத்தையே யோசிக்க வேண்டியிருக்கு."

சிங்லேயின் சிரிப்பு நின்றுபோனது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா நிம்மதியா, எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு சிங்லே வேண்டும். அப்பா அந்த நாற்காலியில் உட்காரவும் வேண்டும். இரண்டையும் ஒரே மனசு எப்படிக் கேட்கிறது என்றும் விளங்கவில்லை. வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் பேசுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்பா அந்தப் பெண்ணிடமிருந்து தட்டை வாங்கினார். தலை காலி நாற்காலியைப் பார்க்கிற மாதிரி மேஜையில் வைத்தார். கிழவரின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் அதில் உட்கார வைத்தார். பிறகு, சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகும் கதவோரத்து நாற்காலியின் முன்னால் தன் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எல்லாவற்றிலும் கடைசி இடம் அது. திரும்பிப் போய்க் கிழவரின் கோப்பையில் இரண்டு கையாலும் சாராயம் ஊற்றினார்.

"குடிங்க, பெரியப்பா. மீன் ஆறுது."

கிழவர் கோப்பையைத் தொடவில்லை. "நீங்க முதல்ல, சித்தப்பா" என்றார். ஆயுசு முழுக்க வந்த பழக்கம் அது.

"சித்தப்பா இனிமே இல்ல, பெரியப்பா. பொண்ணைப் பெத்தவன்தான் இருக்கேன்."

கிழவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார். குச்சியை எடுத்தார். எல்லோரும் பெருமூச்சுவிட்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். என் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"லியான்ரோங், மீனைப் பரிமாறும்மா" என்றாள் மாமியார்.

மீன் தட்டை ஏந்தி, ருசியான கன்னத்துச் சதையை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் நேராக அப்பாவிடம் போனேன். அவர் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினார். "பெரியவங்களுக்கு வை" என்றார் மெதுவாக.

கிழவருக்கு வைத்தேன். ஷோதியனிடம் போனபோது அவர் எழுந்து நின்று, "நீங்க எதுக்கு, அத்..." என்று ஆரம்பித்து மீதியை விழுங்கினார். மாமியாருக்கும் சிங்லேக்கும் வைத்துவிட்டுக் கதவோரத்துக்கு வந்தபோது தட்டில் வால்பக்கம்தான் மிச்சம் இருந்தது.

அப்பா எழுந்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்றே கூப்பிட்டவர்.

"போதுங்கம்மா" என்றார்.