அடுப்படியில் கேட்காத கொம்பு

ஐந்து மணிக்கு முன் எழுகிறேன். முகம் கழுவுகிறேன். தேயிலைத் தண்ணீர் குடிக்கிறேன். கோட்டை மாட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு இறங்குகிறேன். கொம்பு ஊதுகிறார்கள். ஆட்கள் லயத்து வீடுகளிலிருந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். பெயர்களைக் கூப்பிடுகிறேன். என் மனைவி பரிமளம் இறந்து இருபத்துமூன்று நாட்களாகின்றன. இவற்றில் எதுவும் மாறவில்லை.

நேற்று இராக்கம்மா மறுபடியும் பிந்தி வந்தாள். இந்த மாதத்தில் நாலாவது தடவை.

"மகாராணி வந்தாச்சா? சொல்லியிருந்தா பல்லக்கு அனுப்பியிருப்பேனே" என்றார் லிங்கம் கங்காணி.

"எந்திரிச்சு அடுப்பு மூட்டிட்டுத்தாங்க இருந்தேன். கொம்பு கேக்கலிங்க."

"நமுனுகுல மலைக்கே கேக்குது. ஒனக்குக் கேக்கலியா?"

வரிசை சிரித்தது.

"நாளைக்கும் பிந்தினா தொரைகிட்டச் சொல்லி பத்துச்சீட்டுத்தான். மூட்டையக் கட்டி வச்சுக்க."

சீட்டுக் கொடுத்தால் அன்றே தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். இராக்கம்மாவுக்குப் போக இடமில்லை. புருஷனை இங்கேதான் புதைத்திருக்கிறாள். லயத்தின் கடைசி வீடு அவளுடையது. பக்கத்து வீடுகள் இரண்டும் காலி. மழையில் சுவர் ஈரமானதிலிருந்து அடுப்பை வாசல் திண்ணையான இஸ்தோப்பின் மறு ஓரத்துக்கு மாற்றியிருந்தாள். எதிரே பத்தடி தூரத்தில் செங்குத்தான பாறை.

பரிமளம் இதை முன்பே சொன்னாள். ஒரு விடியலில் அங்கே பால் வாங்கப் போய்விட்டு வந்து, "அவ அடுப்புகிட்ட உக்காந்தா கொம்பு கேக்கலைங்க. நகந்தா கேக்குது. ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றாள். திருச்சிராப்பள்ளியில் பௌதிகம் படித்தவன் நான். சத்தத்தில் ஓட்டை விழாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவள் காய்ச்சலில் விழுந்தாள்.

இன்று கொம்புக்கு முன்பே போனேன். இராக்கம்மா பதறி எழுந்தாள். அடுப்பின் முன்னிருந்த அவள் பலகையில் நான் உட்கார்ந்தேன்.

"கரி ஒட்டுமுங்க, கிளாக்கரய்யா."

காத்திருந்தேன். விறகு புகைந்தது. பாறையில் ஈரம் வழிந்தது.

"ஊதுறாங்களே" என்றாள், வாசலில் நின்றபடி.

எனக்குக் கேட்கவில்லை. பாறைப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தேன். கொம்பு முழுதாகக் கேட்டது. பழைய இடத்துக்கு வந்தேன். இல்லை.

கொம்பிலிருந்து நேரே வரும் அலையும், பாறையில் மோதித் திரும்பும் அலையும் அந்தப் பலகையின் மேல் சந்திக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. காதுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

"அடுப்ப ஒரு மொழம் பாறைப் பக்கம் நகத்திக்க. கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். சேர்ந்தே இறங்கினோம்.

"ஒங்க வீட்டம்மா சொன்னப்ப நானே நம்பலிங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "கடைசியா என்னங்க சொன்னாங்க?" என்றாள்.

எல்லோரும் கேட்ட கேள்விதான். முருகா என்று சொன்னதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இராக்கம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் தலையாட்டினாள். வரிசையில் இன்று அவள்தான் முதலாவதாக நின்றாள். கங்காணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வேட்டியிலிருந்த கரியைப் பார்த்தார். பெயர்களைக் கூப்பிட்டேன்.

அந்தக் கடைசி இரவில் பதுளையிலிருந்து டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. கட்டிலில் பரிமளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.