மூடினால் விழிக்காத லேப்டாப்

தேவாலயப் பாடகர் குழுத் தலைவரானதும் ஆன்றோ செய்த முதல் காரியம், கரையான் தின்ற பாட்டுப் புத்தகங்களை மூட்டை கட்டியதுதான். துபாயிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய லேப்டாப்பில் எல்லாப் பாட்டையும் ஏற்றிக் கீபோர்டுக்கு முன்னால் வைத்தார். "பென் டிரைவ் குத்துறவனெல்லாம் வைரஸ் தந்துட்டுப் போறான்" என்று வைரஸ் அண்டாத லினக்ஸையும் போட்டுக்கொண்டார். ஊரே மெச்சியது. பங்குப்பேரவைத் துணைத்தலைவர் மரியஜான் மட்டும், "கரண்டுல ஓடுற சாதனத்த நம்பியா பூசை?" என்றார்.

அவருக்குக் கருநாக்கு, சொன்னது பலித்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்க, எழுந்தேற்ற மணி அடிக்கும்போது எல்லாரும் முழங்காலில் இருப்பார்கள். அந்த நேரத்தில் திரை வெளிச்சம் முகத்தில் அடிக்கக் கூடாதென்று ஆன்றோ லேப்டாப்பை மூடுவார். மூடினால் அது தூங்கும். அப்பம் வழங்கும்போது பாடும் நன்மைப் பாட்டுக்குத் திறந்தால் விழிக்காது. வெறும் இருட்டு. ஞாயிறுதோறும் இதே கதை, ஞாயிறுதோறும் மரியஜானின் பார்வை.

கோயில் திருவிழாவின் பத்தாம் திருநாளுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார். ஆன்றோ தானே எழுதி மெட்டுப் போட்ட நன்மைப் பாட்டு அன்றுதான் அரங்கேற்றம். அன்றும் இருண்டால் குழுவை அதிலேயே பாடும் கிளீட்டஸிடம் கொடுத்துவிடுவோம் என்று பேரவையில் பேச்சு. பாட்டைத் தாளில் நகல் எடுக்கலாமே என்று கேட்டவர்களிடம், "நான் தோத்தேன்னு நோட்டீசு அடிக்கணுமா?" என்று எரிந்து விழுந்தார்.

குழுவில் இரண்டாம் குரல் பாடும் ஷீஜா, ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். திருநாளுக்கு முந்தின மத்தியானம் கோயில் பின்னறையில் வந்து உட்கார்ந்தாள்.

"மூடாண்டாம்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிருவியோ மக்கா?" என்றார் ஆன்றோ.

"அது உங்களுக்க பக்தி அண்ணே. மிஷினுதான் மாறணும்."

அந்தப் பதிலிலேயே ஆன்றோ பாதி விழுந்துவிட்டார். அவள் மூடினாள், திறந்தாள். இருட்டு. ஆன்றோவாக இருந்தால் இந்நேரம் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருப்பார். அவளோ கேப்ஸ் லாக்கைத் தட்டினாள். சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது.

"சாவல்ல. முழிச்சுதான் இருக்கு."

முக்காட்டு ஷாலைத் திரைமேல் கவிழ்த்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தாள். ஆன்றோ குனிந்து பார்த்தார். குளத்துத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கலாக அவருடைய பாட்டு வரிகள்!

"எழுத்து வந்துட்டு. பின்னால உள்ள வெளக்குதான் எரியல்ல" என்றாள். லேப்டாப்பை அணைத்து, மறுபடி கிளம்பும்போது வரும் பட்டியலில், விளக்கைக் கவனிக்கும் வேலையை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கும் சொல் ஒன்றைத் தட்டினாள். மூடித் திறந்தாள். பளிச்சென்று வெளிச்சம். அதோடு விடவில்லை. டீ ஆறும் வரை மூடி மூடித் திறந்தாள். ஆன்றோவுக்குக் கைதட்டத் தோன்றியது.

"இது இப்பத்தைக்குப் போட்டது அண்ணே. ஒரு பூசை தாங்குதான்னு பாத்துட்டு நிரந்தரமா எழுதுவோம். அதுவர மூடலாம், அணைக்காண்டாம். அணைச்சா மறந்துரும், கேட்டியளா?"

கேட்கத்தான் செய்தார். ஆனால் மறுநாள் கோயில் கழுவி, பீடத்துணி மாற்றி, ஊரே கோடி உடுத்தி நின்றபோது, திருநாளும் அதுவுமாக லேப்டாப் மட்டும் பழைய சூட்டோடு கிடப்பானேன் என்று அணைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். குளித்து வந்த திருப்தி அவருக்கு.

மணி அடித்தது. மூடினார். நன்மை நேரத்தில் திறந்தார். இருட்டு.

அப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் மரியஜானின் கழுத்து திரும்பியது. கீபோர்டில் முன்னிசை இரண்டாவது தடவை சுற்றியது. எழுதினவருக்கே முதல் வரி நினைவுக்கு வரவில்லை.

"அணைச்சியளா?" ஷீஜா காதோடு கேட்டாள். தலையாட்டினார். அவள் தலை ஷாலை உருவி லேப்டாப்புக்கும் அவர் தலைக்குமாகச் சேர்த்துப் போர்த்தினாள். பக்கவாட்டிலிருந்து டார்ச்சைச் சாய்த்தாள். எழுத்து மிதந்து வந்தது.

ஆன்றோ பாடினார். ஆயர் முன்னிலையில் முக்காடு இல்லாமல் நின்று, டார்ச்சை நீட்டிப் பிடித்தபடியே ஷீஜா இரண்டாம் குரலையும் சேர்த்தாள். கடைசிச் சரணம் வரை வெளிச்சம் ஓர் எழுத்தைவிட்டு நகரவில்லை. போர்வைக்குள் ஆன்றோவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூசை முடிந்ததும் மரியஜான் வந்தார். "மிஷினுக்கும் முக்காடா?"

"மிஷினு கெடல்ல. இவ சரியாக்கி வச்சா, நான்தான் அணைச்சுக் கெடுத்தேன்" என்றார் ஆன்றோ.

ஷீஜா அதற்குள் அந்தச் சொல்லை நிரந்தரமாக எழுதி, ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டிருந்தாள். லேப்டாப்பை மரியஜானிடம் நீட்டினாள். "நீங்களே மூடிப் பாருங்க."

மூடினார், திறந்தார். முகத்தில் வெளிச்சம். நம்பாமல் இன்னொரு தடவையும் செய்து பார்த்தார். பிறகு திரையிலிருந்த பாட்டை உதடசையப் படித்து முடித்தார்.

"நல்லாத்தான்லே எழுதியிருக்க. வாற வருசமும் குழுவ நீயே பாரு."

ஆன்றோ ஷீஜாவைப் பார்த்தார். அவள் டார்ச் பிடித்த தோளை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவ இருந்தா பாக்கேன்" என்றார்.