ஏழாம் பெட்டி

உத்திரமேரூர் விதைக் கம்பெனிக் கிளையில் ஃபேக்ஸ் வந்தால், மூத்த கிளார்க் புருஷோத்தமன் அதை உரக்கப் படிப்பார். யாருக்கு வந்ததோ அவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது வருஷ வழக்கம். ஆபீசில் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வியின் விவாகரத்து விஷயமாக வக்கீல் அனுப்பியதையும் அப்படித்தான் படித்தார். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இன்று அதே ஆபீசில் வேலை பார்க்கும் கல்பனாவுக்கு வரவேண்டியது, அவள் மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவு. செல்போனுக்கு வரவழைக்க முடியாது; அது வீட்டில் மகள் திவ்யா கையில். திங்கட்கிழமை அவளுக்கு பிளஸ் டூ பரீட்சை. முடிவு மோசமாக இருந்தால் அதுவரை அவள் காதுக்குப் போகக் கூடாது.

அதனால்தான் கல்பனா மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்ஸ் மிஷினின் கையேட்டைப் புரட்டினாள். வரும் ஃபேக்ஸைத் தாளில் அச்சடிக்காமல் உள்ளேயே பூட்டி வைக்கும் ரகசியப் பெட்டிகள் அதில் இருந்தன! ஏழாம் பெட்டிக்கு நாலு இலக்க எண்ணைப் பூட்டாகப் போட்டாள். சென்னை லேபிடம், பெட்டி எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள்.

சனிக்கிழமை. லேப் பன்னிரண்டுக்கு மூடிவிடும். அதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபேக்ஸ் மிஷினில் மணி அடித்தது.

புருஷோத்தமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். தாள் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் கண்சிமிட்டியது.

"இன்னா கல்பனாம்மா, மணி அடிச்சிச்சி, பேப்பரக் காணோம்? மாட்டிக்கினு கீது போல."

அந்த ஆபீசில் எல்லா மிஷினுக்கும் ஒரே வைத்தியம்தான்.

"அண்ணே, பிளக்கப் புடுங்காதீங்க!"

பிடுங்கிவிட்டார். விளக்கு அணைந்தது.

கல்பனா ஓடிவந்து மறுபடி செருகினாள். மிஷின் முனகியது. ஒரு நிமிஷம் இருட்டாகவே கிடந்தது.

பிறகு அதே பச்சை விளக்கு சிமிட்டியது. கரண்ட் போனாலும் அழியாது என்று கையேட்டில் படித்திருந்தாள்; நம்பியிருக்கவில்லை. அவளுக்குப் புல்லரித்தது.

"உள்ளதாண்ணே கீது. நம்பர் போட்டாத்தான் வெளிய வரும்."

"பேப்பரே இல்லாம உள்ள கீதா? எங்கிட்டகூட சொல்லாதா?"

"உங்ககிட்டதாண்ணே முக்கியமா சொல்லாது."

அவர் சிரிக்கவில்லை. மிஷினையே வாய் பிளந்து பார்த்தார். அவள் எண்ணை அழுத்தப் போனபோது, யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

தாள் சூடாக வந்தது. மூன்று முறை படித்தாள். புற்று இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி.

திரையில், 'பெட்டி 7: காலி' என்று வந்தது. இந்த ஊரில் அவளுக்கு மட்டுமே தெரிந்த சேதி, அவள் கையில்.

"அண்ணே, திரும்புங்க. இதப் படிங்க."

"நானா?"

"வழக்கம்போல. உரக்க."

வாங்கினார். இருபது வருஷத்தில் முதல்முறையாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் படித்தார்.