தம்பியின் வியர்வை

தம்பி செத்துச் சில மாதங்கள் கழித்து அவன் வியர்வை அக்காவின் உடம்பில் வரத் தொடங்கியது. அக்கா சலவைக்கடையில் கறை எடுப்பவள். துணியை முகர்ந்தே எண்ணெயா, காப்பியா, பேனா மையா என்று சொல்லிவிடுவாள். ஆகவே அவள் மூக்கைச் சந்தேகிக்க இடமில்லை. தம்பி மீன் கிடங்கில் பெட்டி தூக்கி, நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவன். செதிலும் ஐஸ் தண்ணீரும் ஈரச் சாக்கும் சேர்ந்து ஊறிய அவன் நாற்றம் குடலைப் பிடுங்கும். உயிரோடு இருந்தவரை அவன் சட்டையை அக்கா குச்சியால்தான் எடுத்துப் போடுவாள்.

அவன் போன அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பும் முன்பே, தொழில் புத்தியில் அவன் துணிகளைத் தலையணை உறை உட்பட வெந்நீரில் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டாள். மறுநாள் அம்மா சட்டை சட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். எல்லாம் சோப்பு வாசனை. அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினாள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், வார்த்தை மட்டும் இல்லை. அந்த மௌனம் அக்காவை அரித்துத் தின்றது.

நுரையீரல் நோயாளிகளுக்கு நிதி திரட்ட ஓட்டம் ஒன்று நடக்கப்போவதாகவும், இறந்தவர் படத்தைச் சட்டையில் அச்சடித்துத் தருவதாகவும் கேள்விப்பட்டு அக்கா பெயர் கொடுத்தாள். படத்தைப் பார்த்தாவது அம்மா வாய் திறப்பாள் என்ற நப்பாசை. சட்டை வந்ததும் அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயிற்சியின் முதல் நாள் பூங்காவை ஒரு சுற்று ஓடியதுமே கழுத்தில் அந்த நாற்றம் வழிந்தது. துடைத்த கையில் செதில் ஒட்டியிருந்தது. அக்கா ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வினிகர், சோடா உப்பு, கடையில் இருந்த மருந்துகள் எதற்கும் அது மசியவில்லை. தெருப் பூனைகள் அவளுக்குப் பின்னால் ஓடிப் பழகின.

ஓட்டத்தன்று அமைப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அமைப்பாளர்களின் சட்டைக்கும் தம்பி படத்தையே எடுத்துக்கொண்டிருந்தார்கள்; அவர் தொந்தியிலும் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பெரிய மனுஷங்க வர்றாங்க. சென்ட் அடிச்சுக்கிட்டு கடைசி வரிசையில ஓடுங்க."

சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி, தம்பியின் முகத்தாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். இவர்களுக்கு அவன் சிரிப்பு வேண்டும், நாற்றம் மட்டும் ஆகாது. அக்காவுக்கு முதல் முறையாகத் தம்பியின் நாற்றத்தை விட்டு இவர்கள் மேல் குமட்டியது. அவள் முன்வரிசையில் போய் நின்று, பூனைகள் சூழ ஓடினாள். பின்னால் வந்தவர்கள் தாமாகவே தூரம் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் சட்டையைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தில் போடப்போனாள். அம்மா அதைப் பிடுங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். மூக்கு சுளித்தது, கண் கலங்கியது.

"சீ, என்ன நாத்தம்டா இது!"

வேலை முடிந்து வரும் மகனை அவள் தினமும் வாசலில் வரவேற்ற சொல் அது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"இதைத் துவைச்சே, கையை ஒடிச்சுடுவேன்."

அதற்குப் பிறகு அக்கா காலையில் ஓடாமல் இருந்ததில்லை. பக்கத்து வீட்டார் அந்தப் பக்க ஜன்னலை ஆணியடித்து மூடினார்கள். சலவைக்கடைக்காரர் அவளைப் பின்கட்டுக்கு மாற்றினார். தம்பி சட்டை மாட்டிவந்த கொக்கியில் எப்போதும் ஒரு ஈரச் சட்டை தொங்குகிறது. அக்காவுக்கு இன்றும் குமட்டல் நின்றபாடில்லை; சட்டையைக் குச்சியால்தான் எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறாள்.