வாசலை மறைத்த பூந்தொட்டிகள்

கணவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்த ஜுனைனாவின் காதில், வாசலில் மண்தொட்டியைச் சிமெண்டில் இழுக்கும் சத்தம் விழுந்தது. பல்லைக் கூசவைக்கும் சத்தம். மேல்பொத்தானை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். அவளுடைய அண்ணன் பஹாரின் காகிதப்பூச் செடிகளை வரிசையாகச் சாய்வுப்பாதையின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். கிராமக் குழுத் தலைவர் என்ற பட்டை போட்ட சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி, கையெல்லாம் மண்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? அலங்காரம்."

"அது அலங்காரம் பண்ற இடமா? அவர் போற வழி."

"ஒரு காலைப்பொழுது லா, ஜுனா. பஸ் வரும், மேல ஏறிப் பாப்பாங்க, நாலு போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க. அதுவரைக்கும் மச்சான் எங்க ஓடப்போறாரு?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அவள் கணவர் வாகிமான் பக்கவாதத்தில் விழுவதற்கு முன் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் இடையே விரைவுப் பேருந்து ஓட்டியவர். வாழ்நாளில் பாதியைச் சாலையில் கழித்த மனிதர், வலது பக்கம் செத்துப்போனதும் வீட்டுக்குள் அடைந்தார். மலாக்கா வீடு, தூண்களின் மேல் நிற்பது. வாசலில் வளைந்து இறங்கும் படிக்கட்டு. பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்ட டைல்ஸ். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படிக்கட்டுதான் அவரைச் சிறைவைத்தது. கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு ஆண்கள் சக்கர நாற்காலியோடு தூக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிட அவருக்கு வெட்கம். முகம் மழிப்பதை நிறுத்தினார். பிறகு பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தினார். "யாரு கூடப் பேச?" என்று ஒருநாள் குழறலாகக் கேட்டார். 

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிப்போவில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மணலும் சிமெண்டுமாக வந்து இறங்கினார்கள். படிக்கட்டுக்குப் பக்கவாட்டில், வீட்டு முகப்பை ஒட்டி நீளமாக ஒரு சாய்வுப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இல்லை என்பது உண்மைதான். பட்டுப்புடவைக்குச் சாக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. ஆனால் சிமெண்ட் காய்ந்த மறுநாள் வாகிமான் தனியாக நாற்காலியை உருட்டிக்கொண்டு இறங்கி, கோப்பிக் கடைக்குப் போய், மத்தியானத் தொழுகைக்கான அழைப்பு கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார். "சொல்லாம கொள்ளாம இவ்வளவு நேரமா?" என்று அவரை வாய் வலிக்கத் திட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் திட்டியதில்லை.

அந்தச் சாய்வுப்பாதையைத்தான் இடிக்கச் சொன்னார்கள். பாரம்பரிய வீடுகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து யுஸ்லினா என்ற அதிகாரி வந்திருந்தாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "அக்கா, மலாய் வீட்டோட முகமே படிக்கட்டுதான். இது அதை மறைக்குதே. எடுத்துட்டீங்கன்னா கூரையை நாங்களே மாத்தித் தர்றோம்." கூரை வேண்டும்தான். மழை வந்தால் சமையலறையில் பாத்திரம் வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மெர்டேக்கா எனும் சுதந்திர நாளன்று தலைநகரிலிருந்து ஒரு குழு பாரம்பரிய இடங்களைப் பார்க்க வருகிறது, அவர்கள் பார்த்துவிட்டுப் போன பின் முடிவு என்றாள். பஹாரின் தங்கையைக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டார்.

"நம்ம அடையாளம் இது. மலாய்க்காரங்களோட அடையாளம். சுதந்திர நாளன்னைக்கு ஊரு வந்து பாக்குறப்போ சிமெண்டக் காட்டச் சொல்றியா?" என்றார் இப்போது, கடைசித் தொட்டியைத் திருகி வைத்தபடி.

"படிக்கட்டு கட்டுனது ஒரு சீன மேஸ்திரி. அப்பாவே சொல்லியிருக்காரு. டைல்ஸ் வெள்ளக்காரன் கப்பல்ல வந்தது. நம்ம கொள்ளுத்தாத்தா சுமத்ராலேர்ந்து வந்தாரு. என் புருஷன் ஜாவாக்காரரு. இதுல எதுண்ணே நம்ம அடையாளம்?"

"எல்லாம் சேந்ததுதான்! அதத்தானே காப்பாத்தச் சொல்றேன்!"

"அப்ப சிமெண்டும் சேந்துக்கட்டும்."

பஹாரின் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அதற்குள் தெருமுனையில் பேருந்து ஹாரன் கேட்டது.

முப்பது நாற்பது பேர் இருக்கும். எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை, கையில் சின்னக் கொடி. படிக்கட்டில் நின்று படம், உட்கார்ந்து படம், கையை விரித்துப் படம். பிறகு திண்டும் பாயும் போட்டிருந்த முன்கூடத்தில் குவே பலகாரத்தைத் தின்றுகொண்டே, "எவ்வளவு காத்தோட்டம்! இந்தக் காலத்துல இப்படி வீடு எங்க இருக்கு?" என்றார்கள். ஜுனைனா அவர்களுக்கு நடுவே தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு பெண்மணி சமையலறைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியைக் கண்டதும் ஏமாந்தவள்போல் திரையை விட்டுவிட்டாள். ஜுனைனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாகிமானைப் படிக்கட்டின் மேலே இருந்த வாசல் மாடத்தில் உட்காரவைத்திருந்தார் பஹாரின். பச்சைச் சட்டை, இடுப்பில் சரிகைத் துணி. நாற்காலிச் சக்கரங்கள் தெரியாமல் மேலே ஒரு பாத்திக் துணியைப் போர்த்தியிருந்தார். வந்தவர்கள் அவர் தோளருகே குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "மாமா, சிரிங்க!" அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

எல்லாரும் முற்றத்தில் கூடியதும் யாரோ ஒலிபெருக்கியில் தேசிய கீதத்தைப் போட்டார்கள். அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். ஜுனைனா தட்டோடு படியருகே நின்றாள். அப்போதுதான் கீழே முன்வரிசையில் நின்ற பெண்மணி, கைப்பேசியை மாடத்தை நோக்கிப் பிடித்தபடியே, உதட்டைப் பெரிதாக அசைக்காமல் சொன்னாள்: "மாமா... எந்திரிங்க லா. கீதம் பாடுறாங்க."

அவள் கெட்டவள் இல்லை. துணிக்குக் கீழே சக்கரம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் வாகிமானுக்கு அது கேட்டுவிட்டது. இடது கை மாடத்துக் கைப்பிடியைப் பற்றியது. முழங்கை நடுங்க உடம்பு கொஞ்சம் மேலே வந்தது. துணி நழுவியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஜுனைனா அசையவில்லை. கீதம் நடக்கும்போது அசையக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் பதிந்த பாடம். அண்ணனைப் பார்த்தாள். அவரும் விறைப்பாகத்தான் நின்றார். கண் மட்டும் மச்சான் மேல். வாகிமான் இன்னும் கொஞ்சம் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

தட்டு விழுந்த சத்தத்தில்தான் தான் ஓடியது அவளுக்கே தெரிந்தது. அவர் சரிவதற்குள் கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கினாள். உட்காரவைக்கப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் தோளில் முழு பாரத்தையும் போட்டு, கீதம் முடியும்வரை நின்றார். நின்றார் என்றா சொல்வது? இரண்டு பேரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கோ கீழே ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். அவர் நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கினார். சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"கீழ," என்றார்.

"கொஞ்சம் இருங்க, அவங்க போகட்டும்."

"கீழ, ஜுனா. இப்ப."

அவள் சாய்வுப்பாதைக்கு வந்து முதல் தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். பஹாரின் வேகமாக வந்து கையைப் பிடித்தார். "பஸ் கிளம்பட்டும். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே வந்தாங்க? பாக்கட்டும்."

மூன்றாவது தொட்டி கனமாக இருந்தது. தூக்க முடியாமல் காலால் தள்ளினாள். அது உருண்டு சாய்வில் ஓடி உடைந்து, மண்ணும் பூவும் சிதறின. கொடி வைத்திருந்த கூட்டம் சத்தமில்லாமல் விலகி வழிவிட்டது. மீதித் தொட்டிகளை பஹாரின் நகர்த்தினார். அவள் சொல்லவில்லை, அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைத் தூக்கும்போதெல்லாம், "எல்லாத்துக்கும் அவசரம், எல்லாத்துக்கும் கோவம்," என்று மண்ணிடம் சொல்வதுபோல் முனகிக்கொண்டார்.

குழுவோடு வந்திருந்த யுஸ்லினா பக்கத்தில் வந்தாள். "அக்கா, நடந்ததை நான் சொல்லித்தான் ஆகணும். மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சொல்லு. கூரை ஒழுகுதுன்னும் சேத்துச் சொல்லு."

பேருந்து போனது. வாகிமான் சிதறிய மண்ணின்மேல் சக்கரத் தடம் பதிய இறங்கி, கோப்பிக் கடைப் பக்கம் திரும்பாமல், ஆற்றங்கரை நடைபாதையில் போய் நாற்காலியை நிறுத்தினார். ஜுனைனா துடைப்பத்தோடு பின்னாலேயே போனாள். 

ஆற்றில் சுற்றுலாப் படகு ஒன்று வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், இடது பக்கம் தெரிவது பழமை மாறாத மலாய்க் கிராமம் என்றது. படகில் இருந்தவர்கள் எழுந்து கேமராவைத் தூக்கினார்கள். பச்சைச் சட்டை போட்ட மனிதரைக் கண்டு சிலர் கையசைத்தார்கள். வாகிமான் இடது கையைத் தூக்கினார். அசைக்கவில்லை. முன்பு நெடுஞ்சாலையில் எதிரே வரும் பேருந்துக்குக் காட்டுவாரே, அப்படி இரண்டு விரலை மட்டும் நெற்றியில் வைத்து எடுத்தார். படகோட்டி ஒருமுறை ஹாரனை அடித்தான். அலை வந்து கரைச்சுவரில் மோதி, அவர் செருப்பு வரை தெறித்தது.